தனியாக உயர்தர உயிரியல் படிக்கிறேன்: வளநூலை மூன்று முறை வாசித்தும் கட்டுரை வினாவில் புள்ளி வரவில்லை

வட்டுவாகல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். இரண்டாம் தடவையாக, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதப் போகிறேன். முதல் தடவை இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ், உயிரியலிலும் எஸ், அதாவது சாதாரண சித்திதான். உயிரியல்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அதில் எஸ் வந்ததைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

பதின்மூன்றாம் தரத்தில் எங்கள் உயிரியல் ரீச்சர் இடமாற்றம் பெற்றுப் போனார். அதன்பிறகு ஏழு மாதம் அந்தப் பாடவேளையில் நாங்கள் வெறும் வகுப்பறையில்தான் இருந்தோம். வவுனியாவில் வகுப்புக்குப் போவதென்றால் பஸ்ஸிலேயே ஒரு நாள் கழிந்துவிடும், காசும் இல்லை. இப்போது பகலில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். காலை நாலரை மணியிலிருந்து ஏழு வரையும், இரவு எட்டிலிருந்து பத்து வரையும்தான் படிக்க முடிகிறது.

தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களைப் பதிவிறக்கிப் போட்டோப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று முறை முழுதாக வாசித்துவிட்டேன். இரண்டு நிறத்தில் கோடும் போட்டிருக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரி வினாத்தாளில் இலைவாய் (இலையில் வாயு போய்வரும் நுண்துளை) திறக்கும் பொறிமுறையை விவரிக்கச் சொல்லிக் கேட்டிருந்ததற்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

'ஒளி உள்ளபோது பொற்றாசியம் காவற்கலத்துக்குள் செல்வதால் நீரும் உள்ளே சென்று கலம் வீங்கி இலைவாய் திறக்கும்.'

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். வேறு என்ன எழுதுவதென்று உண்மையாகவே தெரியவில்லை. புள்ளித் திட்டத்தைப் பார்த்தால் அதே வினாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

ஆசிரியர் இல்லாமல் கட்டுரை வினாவுக்கு எப்படித் தயாராவது? ஆய்வுகூடம் இல்லாமல் செயன்முறைகளை எப்படிப் படிப்பது? யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்கள் மிக நன்றாக இருக்கின்றன, அவற்றைப் பார்க்கலாமா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

---

இரணைமடு எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் உயிரியலைத் தனியாகப் படித்தவள்தான். மன்னார்ப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் வகுப்புகளை விட்டேன். இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் மூன்றாம் ஆண்டு.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதிய வசனத்தில் பிழை இல்லை. உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்கிறது. ஆனால் ஏழெட்டுப் படிகளில் நடக்கும் ஒரு காரியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். வினாத்தாள் திருத்துகிறவர் உங்கள் மனதில் இருப்பதற்குப் புள்ளி போட முடியாது, தாளில் இருப்பதற்குத்தான் போடுவார். பகுதி பி கட்டுரை ஒன்றுக்கு 150 புள்ளி. புள்ளித் திட்டத்தைத் திறந்து பாருங்கள், ஒரு சரியான விடயத்துக்கு 4 புள்ளி என்று இருக்கும். அப்படியென்றால் ஒரு கட்டுரையில் 38 விடயம் வேண்டும். உங்கள் வசனத்தை நான் எவ்வளவு தாராளமாகத் திருத்தினாலும் மூன்று விடயத்துக்கு மேல் எண்ண முடியவில்லை.

அதே பதிலை இப்படிப் பிரித்துப் பாருங்கள். துவாரத்தின் இரு பக்கமும் உள்ள காவற்கலங்கள் சக்தி தரும் ஏடிபியைப் பயன்படுத்திப் புரோத்தன்களை வெளியே செலுத்துகின்றன. அதனால் மென்சவ்வின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மறையேற்றம் கூடியதாகிறது. பொற்றாசியம் அயன்கள் தமக்குரிய கால்வாய்கள் ஊடாக உட்செல்கின்றன. அவை புன்வெற்றிடத்தில் சேர்கின்றன. கலத்தின் கரைய அழுத்தம் (solute potential) குறைகிறது. அதனால் நீரழுத்தம் (water potential) குறைகிறது. அயலிலுள்ள மேற்றோற் கலங்களிலிருந்து நீர் பிரசாரணத்தால் உள்ளே வருகிறது. காவற்கலம் வீங்குகிறது. அதன் சுவரில் செலுலோசு நுண்ணார்கள் ஆரைப்போக்கில் அடுக்கப்பட்டிருப்பதால் அது அகலத்தில் பருக்காமல் நீளத்தில் கூடுகிறது. இரண்டு கலங்களும் வெளிப்புறமாக வளைகின்றன. துவாரம் அகல்கிறது.

எண்ணிப் பாருங்கள், பதினொன்று. இன்னும் மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீல ஒளி, இலையின் உள்ளே காபனீரொட்சைட்டு குறைதல், நாளாந்த உயிர்க்கடிகாரம், வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்று தூண்டல்கள் வேறு இருக்கின்றன. உங்களுக்கு இவற்றில் எது தெரியாது? அநேகமாக எல்லாம் தெரியும். மூன்று முறை வாசித்தவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வசனத்தில் ஒரு விடயம், அது முடிந்தால் முற்றுப்புள்ளி, பிறகு 'அதனால்' என்று அடுத்தது. இந்தப் பழக்கம்தான் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நான்காவது முறை வளநூலை வாசிக்கவே வேண்டாம், தயவுசெய்து. எங்கள் வீட்டில் பழைய நாட்காட்டித் தாள்கள் நிறைய இருந்தன, பின்பக்கம் வெள்ளை. காலையில் எழுந்து புத்தகத்தைத் தொடாமல் அந்தத் தாளில் ஒரு தலைப்பை எழுதுவேன். 'சிறுநீர் உருவாகும் பொறிமுறை' என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் உள்ள எல்லாவற்றையும் ஒரு வரிக்கு ஒரு விடயமாக எழுதி, படமும் கீறுவேன். முப்பத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகுதான் வளநூல். விடுபட்டதைச் சிவப்புப் பேனாவால் அதே தாளில் எழுதி, மூலையில் எத்தனை விடயம் நானாக எழுதினேன் என்று எண்ணிக் குறித்துவைப்பேன். சிறுநீரகத்திக்கு (நெப்ரோன்) முதல் நாள் என் எண்ணிக்கை 9. தாள் முழுக்கச் சிவப்பு. மூன்று நாள் கழித்து அதே தலைப்பு, வேறு தாள்: 16. ஒரு கிழமை கழித்து 24. மாத முடிவில் 31. அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் கிழமை மிகவும் கஷ்டமாக இருக்கும். வாசிக்கும்போது வருகிற அந்த 'எனக்குத் தெரியும்' என்ற நிம்மதி இதில் வராது. விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பாடங்களைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் பார்த்தேன். விளக்கத்துக்கு மிக நல்லவை. ஆனால் கலைச்சொல் வேறு. அவர்கள் செல், மைட்டோகாண்ட்ரியா, குரோமோசோம், ஒளிச்சேர்க்கை, சைலம் என்பதை நாங்கள் கலம், இழைமணி, நிறமூர்த்தம், ஒளித்தொகுப்பு, காழ் என்று எழுதுகிறோம். இவை வெளிப்படையாக வேறு சொற்கள் என்பதால் குழப்பம் வராது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் வேறு பொருளில் வருவதுதான் ஆபத்து. அவர்களுக்கு 'அழுத்தம்' என்றால் நாங்கள் 'அமுக்கம்' என்று சொல்வது. எங்களுக்கு 'அழுத்தம்' என்பது ஆங்கிலத்தில் potential. நீரழுத்தம், கரைய அழுத்தம், அமுக்க அழுத்தம் என்று மூன்றும் தனித்தனிக் கணியங்கள். அவர்கள் சொல்லும் 'புறத்தோல்' எங்களுடைய மேற்றோல். எங்கள் வளநூலில் புறத்தோல் என்பது மேற்றோலுக்கு மேலே இருக்கும் மெழுகுத்தன்மையான படை. ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினால் இலையின் குறுக்குவெட்டு முகப் படத்தில் குறிப்பு ஒன்று பிழைத்துவிடும். ஒரு கொப்பியை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, கேட்ட சொல்லை ஒரு பக்கமும் வளநூல் சொல்லை மறுபக்கமும் எழுதுங்கள். எனக்கு இருநூறு சொற்கள் வரை சேர்ந்தன.

கடந்தகால வினாத்தாள்களில் 2019 ஆம் ஆண்டிலிருந்து வந்தவற்றை முதலில் செய்யுங்கள், புதிய பாடத்திட்டத்துக்கு முதல் பரீட்சை அந்த ஆண்டுதான். அதற்கு முந்தியவை பயிற்சிக்கு நல்லவை, ஆனால் உள்ளடக்கம் மாறியிருக்கும் இடங்களில் வளநூலையே நம்புங்கள். அலகுகளில் விலங்குகளின் கட்டமைப்பும் தொழிலும்தான் மிகப் பெரியது. அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

செயன்முறைக்கு ஒரு சிறு யோசனை: உருளைக்கிழங்கையும் சீனியையும் வைத்தே நீரழுத்தம் பார்க்கலாம். 34.2 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்தால் 1 மோலர்க் கரைசல். அதிலிருந்து ஐதாக்கிக்கொள்ளுங்கள்.

---

பழைய ஆய்வுகூடம் எழுதியது:

இரணைமடு மகள் எழுதியதை வாசித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். முப்பத்தொரு வருடம் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அமைப்புக் கட்டுரையில் கேட்கக்கூடிய இடமே அதுதான்.

34.2 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டால் கரைசல் 100 மில்லிலீற்றராக இருக்காது. சீனியும் இடம் பிடிக்கும். ஏறத்தாழ 120 மில்லிலீற்றருக்கு உயர்ந்துவிடும், செறிவும் 1 மோலரிலிருந்து ஏறத்தாழ 0.8க்கு இறங்கிவிடும். முதலில் அறுபது மில்லிலீற்றர் அளவு நீரில் முழுதாகக் கரைத்து, பிறகு மொத்தக் கனவளவு 100 ஆகும்வரை நீர் விட வேண்டும். 'கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்குக' என்பதற்கும் '100 மில்லிலீற்றரில் கரைக்குக' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் தவறவிட்டார்கள்.

வட்டுவாகல் பிள்ளைக்கு: உருளைக்கிழங்கைவிடச் சேம்பங்காம்பு நல்லது. நுணுக்குக்காட்டி தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம். கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், சேம்பில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருப்பதால் கடிக்கும். இளங்காம்பு ஒன்றை ஐந்து சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி, நீளவாக்கில் மெல்லிய கீலங்களாகக் கீறுங்கள். ஒவ்வொரு கீலத்திலும் ஒரு பக்கம் மேற்றோல் இருக்க வேண்டும். கீறியவுடனேயே அது மேற்றோல் உட்பக்கமாக இருக்கும்படி சற்று வளையும். ஒவ்வொன்றின் வளைவையும் தாளில் வைத்துக் கீறிக்கொள்ளுங்கள்.

ஐந்து மூடியுள்ள சிறு போத்தல் எடுங்கள். மருந்தகத்தில் ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு வாங்கலாம். முதற் போத்தலில் சீனிக் கரைசல் 2, தண்ணீர் 18 மில்லிலீற்றர், அது 0.1 மோலர். அடுத்ததில் 4, 16. இப்படியே 10, 10 வரை போனால் 0.5 மோலர் வரும். கீலங்களைப் போட்டு மூடி, அரை மணித்தியாலம் விடுங்கள். ஐதான கரைசலில் உள்ளிழையம் நீரை எடுத்து நீளும், புறத்தோல் மூடிய மேற்றோல் அவ்வளவு நீளாது, ஆகவே வளைவு கூடும். செறிந்த கரைசலில் உள்ளிழையம் நீரை இழந்து சுருங்கும், வளைவு குறைந்து நேராகும், சிலவேளை மறுபக்கம் வளையும். எந்தக் கரைசலில் வளைவு மாறவில்லையோ அதன் நீரழுத்தமும் இழையத்தின் நீரழுத்தமும் சமம்.

செய்துகொண்டிருக்கும்போதே உங்களை நீங்களே கேளுங்கள். ஏன் எல்லாக் கீலங்களும் ஒரே காம்பிலிருந்து? ஏன் போத்தலை மூடினேன்? மூடாவிட்டால் நீர் ஆவியாகிச் செறிவு எந்தப் பக்கம் மாறும்? ஏன் அரை மணித்தியாலம், ஐந்து நிமிடம் போதாதா? பரீட்சையில் வருவது இந்த 'ஏன்'கள்தான். கையால் செய்த பிள்ளை இதற்கு யோசிக்காமல் எழுதும். பாடமாக்கிய பிள்ளை மூன்றாவது 'ஏன்' இல் நின்றுவிடும். இதை நான் எத்தனையோ வருடம் பார்த்தேன்.

உங்கள் பாடசாலையில் ஏழு மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்தது உங்கள் பிழை அல்ல. பதில்களை எழுதிப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கிழமைக்கு இரண்டு நான் திருத்தித் தருகிறேன்.

---

பாலாவி எழுதியது:

சேர், அக்கா, நானும் இந்த முறை எழுதுகிறேன். கட்டுரை எனக்குப் பரவாயில்லை. பல்தேர்வில் 41 முதல் 50 வரையான வினாக்களில்தான் நிறையப் பிழைக்கிறேன். ஐந்து கூற்றும் தெரிந்தால்தான் விடை எழுத முடிகிறது, நேரமும் போய்விடுகிறது. ஏதாவது வழி இருக்கிறதா?

---

இரணைமடு எழுதியது:

தம்பி, அந்தப் பத்துக்கும் மேலே உள்ள அறிவுறுத்தலை வீட்டிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஏ, பி, டி மட்டும் சரியென்றால் 1. ஏ, சி, டி என்றால் 2. ஏ, பி என்றால் 3. சி, டி என்றால் 4. வேறு எதுவாக இருந்தாலும் 5. இதில் ஐந்தாவது கூற்றான ஈ முதல் நான்கு விடைகளில் எங்கேயும் இல்லை. ஆகவே ஈ சரியென்று உறுதியாகத் தெரிந்தால் விடை 5, மற்றவற்றில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. அதேபோல் பியும் சியும் ஒன்றாக எந்தச் சேர்க்கையிலும் இல்லை. இரண்டும் சரியென்றால் அதுவும் 5. நான் எப்போதும் ஈயிலிருந்து மேல்நோக்கித்தான் வாசிப்பேன்.

ஆனால் 'உறுதியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊகத்தில் ஈ சரியென்று நினைத்தால் முழு வினாவும் போய்விடும். 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் நாற்பதை எண்பது நிமிடத்தில் முடித்தால் இந்தப் பத்துக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலும் மீதி இருக்கும். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

சேர், சீனிக் கரைசலைத் திருத்தியதற்கு நன்றி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எத்தனையோ தடவை சரியாகச் செய்திருக்கிறேன், எழுதும்போது கவனமில்லாமல் எழுதிவிட்டேன். தங்கச்சி, சேர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

---

வட்டுவாகல் எழுதியது:

சேர், அக்கா, பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், கடையில் பாடசாலைச் சீருடைத் தையல் வேலை கூடிவிட்டது.

சேம்பு எங்கள் கிணற்றடியிலேயே நின்றது. கடைக்கார ஐயா மின்தராசில் சீனியை 34 கிராமுக்கு நிறுத்துத் தந்தார், 0.2ஐ நான் விட்டுவிட்டேன். எண்ணெய் பூசியும் விரலிடுக்கில் கடித்தது. 0.1, 0.2 இரண்டிலும் கீலம் நன்றாகச் சுருண்டுவிட்டது. 0.5 போட்டதில் நேராக நிமிர்ந்து மற்றப் பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்தவுடன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே காம்பு, அதே நேரம், இப்படி எதிரெதிராகப் போகும் என்று நூலில் மூன்று முறை வாசித்தபோது ஒருமுறைகூட மனதில் தோன்றவில்லை. 0.3இல் மிகச் சிறிதாகக் கூடியது, 0.4இல் மிகச் சிறிதாகக் குறைந்தது. அப்படியானால் சமமான செறிவு இரண்டுக்கும் நடுவில் என்று எடுக்கலாமா சேர்? வரைபு கீறி வளைவு மாறாத புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் சரியான முறையா?

இலைவாய் வினாவைத் திரும்ப எழுதினேன். மூலையில் போட்ட எண்ணிக்கை 8. நான்கு நாள் கழித்து 13. மூடும் பொறிமுறையில் பொற்றாசியம் வெளியேறுவதை எழுதினேன், ஆனால் அதனால் காவற்கலத்தின் நீரழுத்தம் கூடுகிறது என்ற படியை இரண்டு தடவையும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் சிவப்பால் பெரிதாக எழுதிச் சுவரில், தையல் மெசினுக்கு நேரே ஒட்டியிருக்கிறேன். தாளின் படத்தைக் கீழே இணைக்கிறேன் சேர், கையெழுத்து அவசரத்தில் எழுதியது.

இன்று காலை சிறுநீரகத்தி எழுதினேன் அக்கா. 11.